கால் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம்: வலி இருக்கும்போதே எடையைக் குறைப்பது எப்படி?

"மொதல்ல கால் சரியாகட்டும், அப்புறம் வாக்கிங் போய் எடையைக் குறைச்சிக்கறேன்." மூட்டு தேய்ந்தவர், டிஸ்க் விலகியவர், விபத்தில் கால் உடைந்து பிளேட் வைத்தவர் என்று ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில் வரும். எடையைக் குறைத்தால்தான் வலி குறையும் என்கிறார் டாக்டர். நடந்தால்தான் எடை குறையும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். நடந்தாலோ வலிக்கிறது. இப்படியே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. எட்டுப் பத்து கிலோ ஏறிவிடுகிறது, வலியும் கூடவே ஏறுகிறது.

இதில் டாக்டர் சொன்னது சரி. நடந்தால் வலிப்பதும் உண்மை. நடந்தால்தான் எடை குறையும் என்ற நடு வாக்கியம்தான் தவறு. எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டில் நடக்கும் விஷயம். உடம்பை அசைப்பதும் கட்டாயம் வேண்டும்தான், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால், படுக்கையில் இருப்பவர்கூட இன்றைக்கே தொடங்கலாம்.

உடம்பு எதில் செலவழிக்கிறது?

நாம் சாப்பிடுவதில் பெரும் பங்கு எதற்குப் போகிறது தெரியுமா? சும்மா உயிரோடு இருப்பதற்கு. இதயம் துடிக்க, மூச்சு விட, மூளையும் கல்லீரலும் வேலை செய்ய, உடம்புச் சூட்டைக் காக்க. சாதாரணமாக உட்கார்ந்த வாழ்க்கை வாழும் ஒருவரின் ஒரு நாள் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதற்கே போய்விடும். சாப்பிட்டதைச் செரிக்க இன்னொரு 10 சதவீதம். மிச்சம்தான் நடப்பது, நிற்பது, துணி துவைப்பது, படி ஏறுவது எல்லாம். அந்த மிச்சத்திலும் உடற்பயிற்சி என்று தனியாகச் செய்வது ஒரு சிறு துண்டு.

ஒரு கணக்குப் பாருங்கள். 80 கிலோ எடையுள்ள ஒருவர் சுமாரான வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 140 கலோரி செலவாகும். அந்த அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 40 கலோரி போயிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகப் போனது 100. ஒரு ஸ்பூன் சர்க்கரை 5 கிராம், அதாவது 20 கலோரி. டீக்கு இரண்டு ஸ்பூன் போடுகிறவர் ஒரு நாளைக்கு நான்கு டீ குடித்தால், சர்க்கரை மட்டுமே 160 கலோரி. நடக்க முடியாதவர் டீயில் சர்க்கரையை விட்டால், நடந்தவரைவிட அதிகமாகவே மிச்சம் பிடிக்கிறார்.

அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. 55 வயதைத் தாண்டிய, அதிக எடையுள்ள, மூட்டு தேய்ந்த 454 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 18 மாதம் கவனித்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாக 1.8 கிலோ குறைந்தார்கள். சாப்பாட்டை மட்டும் மாற்றியவர்கள் 8.9 கிலோ. இரண்டையும் செய்தவர்கள் 10.6 கிலோ. வலி அதிகம் குறைந்தது இந்தக் கடைசிக் குழுவுக்குத்தான். எடை எங்கே குறைகிறது, வலி எப்படிக் குறைகிறது என்ற இரண்டு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

வேலை நின்றது, சாப்பாடு நிற்கவில்லை

வட சென்னையில் இதை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். இது உடம்பால் உழைக்கிற பகுதி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், விசைப்படகில் வலை இழுத்தவர், மணலியில் ஷிப்டு முழுக்க நின்றே வேலை பார்த்தவர், காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமந்து தெருத் தெருவாக விற்ற அம்மா. இவர்களுக்கு ஒரு நாள் முதுகு பிடித்துக்கொள்கிறது, அல்லது முழங்கால் ஜவ்வு கிழிகிறது. மறுநாளிலிருந்து வீட்டில் இருக்கிறார்கள். தட்டில் விழும் சோறு மட்டும் பழைய அளவிலேயே விழுகிறது.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் கடின உழைப்பு செய்தால் நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை. அதே ஆள் உட்கார்ந்த வேலைக்கு மாறினால் 2,110 போதும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 2,720இலிருந்து 1,660 ஆக இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசம். வேலை நின்றால் பசியும் கொஞ்சம் குறையும்தான், ஆனால் இந்த அளவுக்குக் குறையாது. தினம் 400 கலோரி கூடுதலாகப் போனால்கூட மாதத்துக்கு 12,000. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி போதும். மாதம் ஒன்றரை கிலோ ஏறுவது இப்படித்தான். "ஒன்னும் அதிகமா சாப்பிடறதில்லை, அதே சாப்பாடுதான்" என்று அவர் சொல்வது பொய்யே இல்லை. அதே சாப்பாடு என்பதில்தான் சிக்கல்.

இதோடு சொந்தபந்தங்களின் அன்பும் சேர்ந்துகொள்ளும். எலும்பு கூடணும் என்று ஆட்டுக்கால் பாயா, கூடவே பரோட்டா, பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் பிஸ்கட், ஹார்லிக்ஸ். எலும்பு கூட வேண்டியது புரதம், கால்சியம், வைட்டமின் டி. முட்டை, மீன், பால், பருப்பு, கீரையில் அது கிடைக்கும். பாயாவின் மேலே மிதக்கும் கொழுப்பில் இல்லை. இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலும்பு உடைந்தோ ஆபரேஷன் முடிந்தோ முதல் சில வாரங்களில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைக்கக் கூடாது. புண் ஆறவும் எலும்பு கூடவும் உடம்புக்குச் சத்து வேண்டும். அந்த நாட்களில் எடை ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும். குறைப்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பிறகு தொடங்கலாம்.

எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது?

சாப்பாட்டைக் குறை என்று அடுத்தவருக்குச் சொல்வது சுலபம். நாள் முழுக்க வலியோடு உட்கார்ந்திருப்பவருக்குச் சில சமயம் மாலையில் வரும் அந்தச் சூடான பஜ்ஜிதான் ஒரே ஆறுதல். அதைப் பிடுங்கிவிட்டு ஒன்றும் தராமல் விட்டால் நான்கு நாள்கூடத் தாங்காது. அதனால் பட்டினி வேண்டாம். ஒரு நாளைக்கு 400, 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அதற்கு மேல் அவசரம் தேவையில்லை.

முதலில் எண்ணெய். உணவிலேயே அதிக கலோரி அடங்கிய பொருள் இதுதான், கிராமுக்கு 9. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் ஆகிறது என்று வையுங்கள். அதை இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவந்தால் ஆளுக்குத் தினம் 100 கலோரி குறையும். யாருடைய தட்டிலும் ஒரு பிடி சோறு குறையவில்லை! ஊற்றும்போது கரண்டியால் அளந்து ஊற்றுவது, மீனைப் பொரிக்காமல் மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பது, வறுவல்தான் வேண்டுமென்றால் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் போட்டு எடுப்பது. இவ்வளவுதான்.

அடுத்தது சோறு. சோறே கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேஷன் அரிசியில் நடக்கும் குடும்பம் திடீரென்று ஓட்ஸுக்கும் சாலடுக்கும் மாற முடியாது, மாறவும் தேவையில்லை. தட்டில் பாதியைக் காய், கீரை, பழத்துக்கு விடுங்கள். கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ சுண்டலோ. சாப்பிடும்போது காயையும் மீனையும் முதலில் பாதி முடித்துவிட்டுச் சோற்றுக்குப் போனால் இரண்டாம் முறை கை நீளாது.

புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அசையாமல் இருக்கும் உடம்பில் எடை குறையும்போது கொழுப்பு மட்டும் குறைவதில்லை, தசையும் கரையும். தொடைத் தசை கரைந்தால் முழங்காலுக்குப் பிடிமானம் போய்விடும், வலி கூடும். அதனால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் போகட்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். இந்த விஷயத்தில் நம் பகுதி கொடுத்து வைத்தது. வஞ்சிரமும் இறாலும்தான் வேண்டும் என்றில்லை. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி எல்லாம் அதே புரதத்தைக் குறைந்த விலையில் தரும். மீன் சாப்பிடாதவருக்கு முட்டை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தயிர். கருவாட்டில் புரதம் உண்டு, உப்பும் அதிகம் உண்டு, பிரஷர் இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

வண்டியில் விற்கும் கேழ்வரகுக் கூழ் நல்லது, வயிறு நிறையும். பக்கத்தில் தட்டு நிறைய இருக்கும் பொரித்த வடகமும் மிளகாயும்தான் கணக்கை ஏற்றுகின்றன. பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோவும் அப்படியே. நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், மேலே பூண்டு எண்ணெய். மாதத்துக்கு ஒரு முறை ஆசையாகச் சாப்பிடுங்கள், தாராளமாக. வாரம் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடே அதுதான் என்றால் எடை இறங்காது.

வீட்டில் சமைக்கும் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகள் தட்டில் விட்டதை, சட்டியில் ஒட்டியதை, வீணாகக் கூடாது என்று நீங்கள் சாப்பிட்டு முடிக்கிறீர்கள். அது கணக்கிலேயே வராத ஒரு வேளைச் சாப்பாடு. வலிக்கிற மூட்டு உங்களுடையது. மிச்சத்தை எடுத்து வையுங்கள், இல்லை அளவாக வடியுங்கள்.

அசைவுக்கு என்ன வேலை?

தசையைக் காப்பது, மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, வலியைத் தாங்கும் திறனைக் கூட்டுவது, தூக்கம் வரவைப்பது. இதற்கெல்லாம்தான் உடற்பயிற்சி. எத்தனை கலோரி எரிந்தது என்று பார்க்கவே வேண்டாம். அப்படிப் பார்க்காதபோது, பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து செய்வதும் முழுப் பயிற்சிதான்.

முழங்கால் வலிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்கலாம். காலுக்குப் பத்து முறை. படுத்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதைக் கீழே அழுத்திப் பிடிக்கலாம். கொஞ்சம் தெம்பு வந்ததும், உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றி எழுந்து உட்காரலாம். காலில் கட்டுப் போட்டிருக்கிறதா? கைகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்து மேலே, பக்கவாட்டில் தூக்கி இறக்குங்கள். தோள்பட்டை வலிக்காரருக்குக் கால்கள் இருக்கின்றன. முதுகு டிஸ்க் பிரச்சினை உள்ளவர் மட்டும் குனிந்து நிமிரும் பயிற்சிகளைத் தானாகச் செய்யாமல், பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக் கற்றுக்கொண்டு செய்வது நல்லது. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் இதேதான்.

வலி வந்தால் நிறுத்துவதா? லேசாக வலிப்பது ஆபத்தில்லை. தாங்கவே முடியாத வலியைப் பத்து என்று வைத்தால், நான்குக்குள் வலி இருந்து, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்தப் பயிற்சி சரியான அளவில் இருக்கிறது. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். நாள்பட்ட வலி உள்ளவர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. வலி குறைந்த நாளில் லாரித் தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, வீடு கழுவுவது என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்கள். நல்ல நாளிலும் மோசமான நாளிலும் செய்ய முடிகிற சின்ன அளவு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுவதுதான் பலன் தரும்.

நடக்க முடிந்தவருக்கும் எங்கே நடப்பது என்பது இங்கே பெரிய கேள்வி. கன்டெய்னர் லாரி போகும் எண்ணூர் சாலை ஓரத்தில் வலிக்கிற காலை வைத்துக்கொண்டு யாரும் நடக்க முடியாது. ராயபுரம் ராபின்சன் பூங்கா போல, களைத்தால் உட்கார பெஞ்சு இருக்கும் இடம்தான் வசதி. ஐந்து நிமிடம் நடந்து உட்கார்ந்து, மறுபடி ஐந்து நிமிடம் நடக்கலாம். ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்குப் பூங்கா வரை போவதே பெரிய காரியம். அவர்கள் வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாலே போதும். படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். தரையில் சம்மணம் போடுவதையும் குத்துக்காலிடுவதையும் முழங்கால் வலிக்காரர்கள் முடிந்தவரை குறைத்துக்கொள்ளலாம்.

பிசியோதெரபிக்குப் பணம் ஏது என்று தள்ளிப்போட வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்குப் பிரிவு இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கொஞ்சம் குறைந்தால் என்ன பலன்?

பலரும் இருபது கிலோ குறைத்தால்தான் பிரயோஜனம் என்று நினைத்து மலைத்துவிடுகிறார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டின் மேல் விழும் சுமை 4 கிலோ குறைகிறது. அதே வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தார் 2005இல் அளந்து சொன்னது இது. ஐந்து கிலோ இறங்கினால் அடிக்கு 20 கிலோ. கழிவறைக்கும் அடுப்படிக்கும் போய் வருவதற்கே ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம்! 85 கிலோ உள்ளவர் 80க்கு வந்தாலே படி இறங்கும்போது வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

மாத்திரையும் தூக்கமும்

நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின், அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரைகள் சிலருக்கு எடையை ஏற்றும். எடை திடீரென்று ஏறியிருந்தால், மாத்திரை தொடங்கிய தேதியோடு சேர்த்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சில மாத்திரைகளைத் திடீரென்று விடுவது ஆபத்து. சீட்டு இல்லாமல், பெயர் தெரியாத நாலைந்து மாத்திரைகளைப் பொட்டலமாகக் கட்டி "வலி உடனே போயிடும்" என்று கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படி உடனே கேட்கும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு உண்டு. அது முகத்தை ஊதவைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும்.

வலியால் தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், இனிப்பின் மேல் ஆசையும் கூடும். இது மனக்கட்டுப்பாடு இல்லாததால் வருவதில்லை, பசியைத் தூண்டும் ஹார்மோன்களின் வேலை. இரவு வலிக்குச் சரியான மருந்தும், முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணையும் எடைக் குறைப்பிலேயே சேர்த்தி.

இப்போது பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். செமாகுளூடைடு ஊசியை மூட்டு தேய்ந்த பருமனானவர்களுக்கு 68 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, வலியும் நன்றாகவே குறைந்தது. ஆனால் விலை அதிகம், நிறுத்தினால் எடை திரும்பும், எல்லோருக்கும் ஒத்துவராது. மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும் எடுக்க வேண்டியது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ரொம்பவும் இறங்கி மயக்கம் வரும். முயற்சியே செய்யாமல் எடை இறங்கினால் சந்தோஷப்படாமல் பரிசோதனைக்குப் போங்கள். கட்டுப் போட்டிருக்கும் காலில் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முதுகு வலியோடு தொடை இடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மற்றபடி, வாரம் ஒரு நாள், காலையில், ஒரே எடை மெஷினில் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணீரும் செய்யும் ஏற்ற இறக்கத்தில் மனசுதான் கெடும். ஏறி நிற்க முடியாதவர்கள் தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளக்கலாம். நம் நாட்டவருக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. நான்கு வாரம் கழித்தும் டேப் அதே இடத்தில் நின்றால் முதலில் எண்ணெயை அளந்து பாருங்கள், அப்புறம் டீயோடு போகும் நொறுக்குத்தீனியை, அப்புறம் இரண்டாம் முறை வைக்கும் சோற்றை.